சூரியன் கடலில் முழுகுமா? — ஒரு பால் சொசைட்டிப் பந்தயம்

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் பக்கத்தில் வந்தார். இடுப்பில் குழந்தை, தோளில் பை, முகத்தில் கேள்வி.

"அந்தமான் போய்ட்டு வந்தீங்களாமே மேடம்... சூரியன் முழுகறத பாக்க அங்க எந்த பீச்சு நல்லா இருக்கும்?"

சுலபமான கேள்விதானே? வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சொல்லுங்க மேடம்!" என்றார். ஜன்னலுக்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வாருங்கள் அம்மா. கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாங்கள் போனது நான்கு பேர். நான், என் கணவர் தனசேகர், அவருடைய அண்ணன் கலியபெருமாள் மாமா, மாமாவின் மனைவி மல்லிகா அக்கா. மாமாவுக்கும் அக்காவுக்கும் வீடு கச்சிராயப்பாளையத்தில். கல்வராயன் மலை வாசலுக்கு எதிரே எழுந்து நிற்கும். அவர்கள் மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். கோடை லீவில் நாலு பேருக்கும் டிக்கெட் போட்டு, ஹேவ்லாக் தீவில் ரூமும் போட்டுக் கொடுத்தான். கொடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, அங்க சன்செட் சூப்பரா இருக்கும். சூரியன் அப்படியே கடலுக்குள்ள போகும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்.

அக்கா மறுநாள் காலை அதைப் பால் சொசைட்டியில் சொல்லிவிட்டார்.

பால் சொசைட்டி என்றால் சாதாரண இடமா? ஊரில் யார் மகள் யாரோடு போனாள் என்பதிலிருந்து, உலகத்தில் எந்த நாட்டில் சண்டை என்பது வரை, எல்லாம் அங்கே தீர்ப்பாகும். அங்கே அக்காவின் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. பாலில் தண்ணீர் கலந்ததா இல்லையா என்று தகராறு வந்தால், கருவி சொல்வதற்கு முன் அக்கா முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த அக்காவை எதிர்த்துப் பேச ஊரில் ஒரே ஒரு ஆள்தான். பக்கத்து வீட்டு அஞ்சலை.

"கடல்ல சூரியன் முழுகுமா? இன்னாக்கா சொல்ற?" என்றாளாம் அஞ்சலை, பால் கேனைக் கீழே வைத்துவிட்டு. "நானும் பாண்டிச்சேரி போயிருக்கன், கடலூர் போயிருக்கன். சூரியன் கடல்ல இருந்து ஏறும். நம்ம மலைக்குப் பின்னால எறங்கும். ஏறுன எடத்துலயே எறங்கறதுக்கு அது இன்னா டவுன் பஸ்ஸா?"

சொசைட்டியே சிரித்துவிட்டது. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம்புள்ள பொய் சொல்லுவானா?" என்று கேட்டார். வார்த்தை வளர்ந்தது. பந்தயமாக முடிந்தது.

பணம் இல்லை, நகை இல்லை. அதைவிடக் கொடுமை. தோற்றவர், காலையில் எல்லோரும் பால் ஊற்ற வரிசையில் நிற்கும் நேரத்தில், சத்தமாக, "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும். அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "செல்வி, அந்த வார்த்தைய அவகிட்ட சொல்றதுக்கு, நான் பேசாம அந்தமான்லயே ஒரு வூடு பாத்து இருந்துடுவன்."

இப்போது உங்களில் சிலர் அஞ்சலையைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள். எங்கள் ஜில்லாவில் கடல் கிடையாது. நாங்கள் கடல் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும். சூரியன் சாய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே மலையைப் பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து இப்படியே பார்த்துப் பழகியவர்களுக்கு, கடலும் சாயங்காலச் சூரியனும் ஒரே பக்கம் இருக்கும் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எங்கள் குழுவின் தலைவர் அஞ்சலையைவிடவா தெளிவாக இருந்தார்? வாருங்கள், சொல்கிறேன்.

கலியபெருமாள் மாமா ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் கரும்பை எந்த வாரம் வெட்டுவது என்று அவர்தான் சொல்வார். அவர் சொன்னால் வெட்டு. சொல்லாவிட்டால் கரும்பு நிலத்திலேயே பூத்துக் காய வேண்டியதுதான். முப்பது வருஷம் இப்படி இருந்த மனிதரை யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அந்தமானுக்கும் அவர் அதே நடையில்தான் வந்தார். எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எந்தப் பக்கம் உட்காருவது... எல்லாவற்றுக்கும் அவர் உத்தரவு வேண்டும்.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர். எங்கள் ரூம் ஐந்தாம் நம்பர் பீச்சில். கதவைத் திறந்தால் தென்னை மரம், மரத்தைத் தாண்டினால் கடல். பச்சையும் நீலமுமாக அப்படி ஒரு கடலை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலை மேலும் கீழும் பார்த்தார். வயல் பார்க்கிற பார்வை.

"இதவிட நல்ல எடம் எங்க கீது? சாயந்தரம் இங்கயே உக்காந்து பாத்துடலாம்."

நாலு மணிக்கே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தானே தூக்கிவந்து மணலில் வரிசையாகப் போட்டார். நான்கும் கடலைப் பார்த்து. நடுவில் அக்கா. அக்கா பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, சூரியனைப் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பையில் கொண்டுவந்த முறுக்கு கை மாறியது.

உட்கார்ந்தோம். காத்திருந்தோம்.

முதுகில் வெயில் சுள்ளென்று அடித்தது. "அந்தமான் வெயிலு முதுகுப் பக்கமா அடிக்குது பாரேன்" என்றார் அக்கா. யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான். எங்கள் நான்கு பேரின் நிழலும் முன்னால் விழுந்து, நீண்டு நீண்டு, கடலில் போய்க் கால் நனைத்தது. என் கணவர் மட்டும் தன் நிழலை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மெல்ல இருட்டியது. கடல் சாம்பல் நிறமாகி, கறுப்பாகி, காணாமலே போய்விட்டது. சூரியன் வரவே இல்லை.

"இன்னிக்கு லீவு போல" என்றார் மாமா.

சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்காவின் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் அஞ்சலையின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும்.

"இன்னாக்கா, முழுகிச்சா?"

"இல்லடி... ஒரே மேகமா பூடுச்சி."

"மேகமா? உன் தலைக்குப் பின்னால நட்சத்திரம் தெரியுதே!"

அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ரூமுக்கு வந்ததும் என் கணவரைப் பிடித்தேன். ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். என் கணவர் வாத்தியார். என்ன பாடம் தெரியுமா? பூகோளம்.

"ஏங்க, நாம உக்காந்திருந்தது எந்தப் பக்கம்?"

"கெழக்கு" என்றார், சட்டையை மாட்டியபடி.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சூரியன் நமக்குப் பின்னால, ரூமுக்கு அந்தாண்ட எறங்கிச்சி."

"அப்ப ஏங்க சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அண்ணன் நாற்காலி போட்டுட்டாரே!"

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற மனிதர். அண்ணன் நாற்காலியை எந்தப் பக்கம் போடுகிறாரோ அந்தப் பக்கம்தான் அவருக்கு மேற்கு. எங்கள் வீட்டில் தம்பி அண்ணனிடம் "தப்பு" என்ற வார்த்தையைச் சொன்னதாக வரலாறே இல்லை. அப்படி ஒரு குடும்பம். நல்ல குடும்பம்தான். திசைதான் கொஞ்சம் பிரச்சினை.

சரி, இந்தச் செய்தியை மாமாவிடம் எப்படிச் சேர்ப்பது? அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. தம்பி தன் மனைவியிடம் சொல்வார். தம்பி மனைவி அண்ணன் மனைவியிடம் சொல்வாள். அண்ணன் மனைவி அண்ணனிடம், அவர் நல்ல மூடில் இருக்கும்போது, "ஊர்ல யாரோ சொன்னாங்க" என்று ஆரம்பித்துச் சொல்வார். அண்ணன் யோசிப்பார். பிறகு அவருக்கே தோன்றியதாக ஒரு முடிவு வெளியே வரும்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே மாமா அறிவித்தார். "ராத்திரி பூரா யோசிச்சிக்கினு இருந்தன். இந்த பீச்சு சரிப்படாது. தீவுக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் கீது. அங்கதான் போவணும்."

நானும் என் கணவரும் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம். பழக்கம்தான்.

ஆட்டோ பேசினோம். ஓட்டுபவர் வங்காளி. தமிழ் சுமாராகப் பேசினார். "நாலரைக்கு வா சார். கரெக்டா இருக்கும்" என்றார்.

மாமா சிரித்தார். விவரம் தெரியாத ஆளிடம் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "நாலரைக்குப் போய் இன்னா பண்றது? இந்த மாசத்துல ஆறரைக்குத்தான் முழுகும். அஞ்சே முக்காலுக்குக் கெளம்புனா போதும். அதுக்குள்ள ஒரு டீய சாப்பிட்டுப் போலாம்."

ஆறரை எந்த ஊர்க் கணக்கு? கச்சிராயப்பாளையத்துக் கணக்கு. அந்தமான் எவ்வளவு கிழக்கே இருக்கிறது! ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடைய அதே கடிகாரம். அதனால் அங்கே எல்லாம் சீக்கிரம் விடியும், சீக்கிரம் இருட்டும். இது எனக்கு எப்போது தெரிந்தது என்கிறீர்களா? டீக்கடையில் என் கணவரின் வலது கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தபோதுகூடத் தெரியவில்லை. அவர் டீயைக் குடிக்காமல் மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இன்னொரு சமோசா சொன்னார்.

ஒருவழியாகக் கிளம்பினோம். தீவின் நடுவே பாக்குத் தோப்பும் காடுமாக வளைந்து வளைந்து ஒரு ரோடு. பாதி வழியில் எதிரே ஒரே கூட்டம். ஸ்கூட்டர், ஆட்டோ, கார்... எல்லாம் அந்தப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. எல்லோர் முகத்திலும் திருப்தி.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "த்சொ... த்சொ... இவ்ளோ தூரம் வந்துட்டு, சூரியன் முழுகறதுக்கு முன்னாடியே திரும்பிப் போறாங்க பாரு. இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமையே கெடயாது."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரப் பழக்கத்திலேயே அவரும் எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

போய் இறங்கினால் — என்ன அழகான கடற்கரை! அகன்று கிடந்த வெள்ளை மணல். மேற்கே கடல். வானமெல்லாம் சிவப்பு. எல்லாம் இருந்தது, சூரியனைத் தவிர. அது கொஞ்ச நேரம் முன்பே போயிருந்தது. கடைசி ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

அக்கா மணலில் நின்று அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"டீ நல்லா இருந்துச்சா?" என்றார்.

அவ்வளவுதான். முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான விவசாயிகளைக் காத்திருக்க வைத்த மனிதர், அந்த ஒரு கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கும் அஞ்சலை கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நாளான்னிக்கு நீ ஊருக்கு வந்துடுவ இல்ல? சொசைட்டில எல்லாரும் கேக்கறாங்க. மறுநா காலையில யாரும் சீக்கிரம் போவக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கன்."

பாவி! வரிசையை வேறு ஏற்பாடு செய்துவிட்டாள்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்து சொன்னார். "வெளையாட்டுக்குத்தான் பேசனன் செல்வி. ஆனா நாளைக்கும் பாக்காம போனா, அவ மூஞ்சில எப்படி முழிப்பன்? எம்புள்ள அனுப்பி வெச்சான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தன். அவன் பொய் சொல்லிட்டான்னு ஆயிடும் இல்ல?"

சிரிப்பாகத்தான் இருந்தது எனக்கு இரண்டு நாளும். அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள், எங்களுக்குத் தீவில் கடைசிச் சாயங்காலம். ஆட்சி மாறியது. அக்காதான் தலைவர். மாமா பை தூக்கினார்.

மதியம் இரண்டு மணிக்கே ஏழாம் நம்பர் பீச்சில் இருந்தோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடலில் குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் மேற்கை வேடிக்கை பார்த்தோம். அக்கா ஒரு நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. பாத்ரூம் போவதற்குக்கூட என்னைக் காவல் வைத்துவிட்டுத்தான் போனார்.

"அது எங்கயும் போவாதுக்கா" என்றேன்.

"ரெண்டு நாளா எங்க போச்சி?" என்றார்.

நாலரை இருக்கும். மேற்கில் ஒரு மேகம் வந்தது. சின்னதுதான் என்று நினைத்தோம். அது பக்கத்து மேகத்தைக் கூப்பிட்டது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் கூப்பிட்டன. சூரியன் உள்ளே போய்விட்டது.

மாமா மெதுவாக, "கலைஞ்சிடும் மல்லிகா" என்றார்.

"நீங்க சொன்னா கலையாது. சும்மா இருங்க!"

மாமா சும்மா இருந்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடலைப் பார்த்துக் கை கூப்பி, "மாரியாத்தா, வர்ற ஆடிக்கு ஊருக்கே கூழ் ஊத்தறன். கேப்பை எங்க நெலத்துதே. இந்த மேகத்த மட்டும் கொஞ்சம் தள்ளி வையி தாயி!" என்று வேண்டினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இதுதான் இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவளும் கை கூப்பினாள்.

மாரியாத்தாளுக்குக் கடல் கடந்தும் காது கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மேகம் கலையவில்லை... ஆனால் மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. சூரியன் அந்த இடைவெளிக்குள் வந்து இறங்கியது. அச்சிலிருந்து அப்போதுதான் தட்டிய வெல்லம் போல, அவ்வளவு பெரியதாக, அவ்வளவு சிவப்பாக.

"அஞ்சலைக்குப் போன் போடு!" என்று கத்தினார் அக்கா.

போட்டேன். டவர் இல்லை. மறுபடி போட்டேன். சுற்றிச் சுற்றி வட்டம்தான் வந்தது. சூரியன் கடலைத் தொட இன்னும் கொஞ்சம்தான். அப்போது மாமா என்ன செய்தார் தெரியுமா? போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கரையில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறினார். போனைத் தலைக்கு மேலே பிடித்தார். ஒரு பக்கம் திரும்பினார், இன்னொரு பக்கம் திரும்பினார், ஒற்றைக் காலில் நின்றார். கிடைத்தது டவர்!

"அஞ்சல! பாத்துக்கோ! நல்லா பாத்துக்கோ!" என்று அங்கிருந்தே கத்தினார்.

சூரியன் கடலைத் தொட்டது. அடி கொஞ்சம் கரைந்தது. பாதியானது. ஒரு கீற்றானது. போயே போய்விட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், அந்த அழகை எழுதத் தெரியவில்லை. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தண்ணில எறங்கும்போது சுர்ருனு ஒரு சத்தம் வரும்னு நெனச்சன். ஒண்ணும் வரல."

"தூரம் ஜாஸ்தி இல்ல" என்றார் மாமா, மரத்தின் மேலிருந்து.

பிறகு ராணி மாதிரி நடந்துபோய், மாமா கையிலிருந்து போனை வாங்கினார் அக்கா.

"இன்னாடி அஞ்சல! பாத்தியா? முழுகிச்சா இல்லியா? இப்ப சொல்லு!"

அஞ்சலையின் முகம் முழுசாகவே தெரிந்தது. தோற்ற முகமாக இல்லை. குழம்பிய முகமாகவும் இல்லை. எதிராளி வசமாக மாட்டிக்கொண்டால் வருகிற ஒரு வெளிச்சம் அதில் இருந்தது.

"யாருகிட்டக்கா கத வுடற? பழைய வீடியோவ எடுத்து ஓட்டிக்கினு?"

"இன்னாடி சொல்ற? இப்பதான்டி, இந்த நிமிஷம்தான்டி முழுகிச்சி!"

"அப்படியா? அப்ப இது இன்னா?"

அஞ்சலை போனைத் திருப்பினாள்.

திரையில் கச்சிராயப்பாளையம். அஞ்சலை வீட்டு வாசல். தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் கல்வராயன் மலை. மலைக்கு மேலே, நல்ல உயரத்தில், கண் கூசும்படி — சூரியன்!

"அங்க முழுகிப்போன சூரியன் இங்க எப்படிக்கா நிக்கும்? எத்தினி சூரியன் கீது நாட்டுல?"

அக்கா இருட்டுகிற கடலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார். தன் கண்ணால் பார்த்த சூரியனையே சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே! இதற்குப் பதில் தெரிந்த மனிதர் எங்களில் ஒருவர்தான். மூன்று நாளில் முதன்முறையாக அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அதாவது அண்ணி, பூமி மேற்கிலேர்ந்து கெழக்கால சுத்தும்போது..."

"டேய் தம்பி" என்றார் மாமா. "பொம்பளைங்க பேசிக்கினு இருக்காங்க இல்ல?"

பூமி சுற்றுவது அத்தோடு நின்றது.

அக்கா கோபப்படுவார், அழுவார், போனைக் கடலில் எறிவார் என்று நான் பயந்தேன். அக்கா எதுவும் செய்யவில்லை. திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு ஒரு குரலில் சொன்னார்.

"அஞ்சல... அந்த போன அப்படியே புடிச்சிக்கினு நில்லுடி. எங்கயும் திருப்பாத."

"எதுக்குக்கா?"

"நில்லேன்."

மணலில் உட்கார்ந்தார். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி இருட்டு ஏறிக்கொண்டே வந்தது. அக்காவின் கையில் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் எங்கள் ஊர்ச் சூரியன், மெதுவாக, அவசரமே இல்லாமல், மலைமேல் இறங்கியது. அஞ்சலைக்குக் கை வலித்திருக்க வேண்டும், படம் ஆடியது. இடையில் ஒரு மாடு கத்தியது. "உன் மாடுதான்க்கா, உன்ன தேடுது" என்றாள் அஞ்சலை. மலை முகட்டில் சூரியன் கடைசியாக ஒரு பொட்டு மாதிரி நின்று, போனது.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்த மலைக்கு எதிர்லதான் கெடக்கறன்" என்றார் அக்கா. "அந்நேரம் மாடு கறக்கற நேரம். மடியப் பாத்துக்கினு குனிஞ்சிருப்பன். ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல அஞ்சல."

அஞ்சலை போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நானும்தான்க்கா" என்றாள் அஞ்சலை. "இன்னிக்கு உன்னாலதான் பாத்தன்."

இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. மாமா மறுபக்கம் திரும்பிக்கொண்டு கடலைப் பார்ப்பதுபோல் நின்றார். இருட்டில் என்ன தெரிந்திருக்கும் அவருக்கு?

இப்படி ஓர் அன்பு பொங்கினால் பந்தயம் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பந்தயம் பந்தயமாகவே ஊர் வரைக்கும் வந்தது. யார் தோற்றது? சூரியன் கடலில் முழுகியதை அஞ்சலை பார்த்துவிட்டாள். முழுகாமல் நின்றதை அக்காவும் பார்த்துவிட்டார். ஊருக்கு வந்த மறுநாள் காலை, யாரும் சீக்கிரம் போகாத பால் சொசைட்டியில், வரிசை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்க, இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

"நான் பாத்தது அந்தமான் சூரியன். அது கடல்ல முழுகும்" என்றார் அக்கா.

"நம்ம சூரியன் மலையிலதான் முழுகும்" என்றாள் அஞ்சலை.

"அது சரிதான்" என்றார் அக்கா. "நீ சொன்னதும் சரி."

"உன் புள்ள சொன்னதும் சரிதான்க்கா" என்றாள் அஞ்சலை.

ஆக, கச்சிராயப்பாளையம் பால் சொசைட்டி ஏகமனதாக ஒப்புக்கொண்டபடி, இப்போதைக்கு உலகத்தில் சூரியன்கள் இரண்டு. எதிர்த்தெருவில் ஒரு குடும்பம் அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறதாம்... திரும்பி வந்தால் எண்ணிக்கை கூடலாம்.